குழந்தையின் இடுப்பு மூட்டும் என்பொட்டும்: ஒரு மருத்துவத் தெரிவின் சமூகப் பரிமாணம்

மருத்துவத்தில் எடுக்கப்படும் முடிவுகள் யாவும் மருத்துவத்தினுள்ளேயே பிறந்து அதனுள்ளேயே முடிந்துவிடுகின்றன என்னும் கருத்துப் பரவலாக நிலவுகின்றது. சத்திரசிகிச்சைக் கூடத்தில் எந்தக் கருவியைக் கையாள்வது, எந்தப் பொருளை உடலினுட் பொருத்துவது என்பன நிபுணர் மட்டுமே தீர்மானிக்கவேண்டிய நுட்பங்கள் என எண்ணி நாம் பழகியுள்ளோம். நுட்பம் என்ற அளவில் அது சரியே. எனினும் அப்பொருள் யாருடைய உடலிலிருந்து பெறப்படுகிறது, அது வழங்கப்படுகிறதா விற்கப்படுகிறதா, அதனை வேண்டிநிற்கும் நிலைக்கு ஒரு குழந்தை ஏன் வந்துசேர்ந்தது ஆகிய வினாக்கள் சமூகத்தைச் சார்ந்தவை. குழந்தைகளின் இடுப்பு மூட்டுக் குறைபாட்டைச் சீராக்கும் சத்திரசிகிச்சையில் என்பொட்டு தெரிவுசெய்யப்படும் முறையை எடுத்துக்காட்டாகக் கொண்டு, இவ்விருவகை வினாக்களையும் ஒருங்கே நோக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

குறைபாட்டின் இயல்பு

தொடையென்பின் உருண்டையான தலை, இடுப்பென்பிலுள்ள கிண்ணக்குழியினுள் அமைந்து சுழல்வதால் ஆவதே இடுப்பு மூட்டு. பிறக்கும்போது இம்மூட்டின் பெரும்பகுதி கசியிழையமாகவே உள்ளது. அது இன்னும் என்பாக இறுகவில்லை. கிண்ணக்குழி ஆழமாக உருவாவதற்குத் தலை அதன் நடுவே அமர்ந்திருத்தல் வேண்டும். தலை உருண்டையாக வளர்வதற்குக் கிண்ணக்குழி அதனை அணைத்திருத்தல் வேண்டும். இவ்வாறு ஒன்றையொன்று உருவாக்கும் உறவு தொடக்கத்திலேயே குலையுமாயின் கிண்ணக்குழி ஆழமற்றுச் சரிந்து வளர்கிறது. தலை பகுதியாகவோ முழுமையாகவோ வெளியே விலகுகிறது. முன்னர் 'பிறவி இடுப்பு விலகல்' எனப்பட்ட இக்குறைபாடு, பிறப்பின்போது முடிந்துவிட்ட ஒன்றன்று, வளர்ச்சியினூடே உருவாவது என்பதனை வற்புறுத்திப் பெல்கிறேட்டைச் சேர்ந்த பிரடிராக் கிளிசிச் 1989 இல் பெயர்மாற்றத்தை முன்மொழிந்தார். 'வளர்ச்சிசார் இடுப்புக் குறைபாடு' என்னும் பொருள்படும் பெயரே இன்று வழங்குகிறது.

முழுமையான விலகல் ஆயிரம் பிறப்புகளில் ஒன்று அல்லது இரண்டிற் காணப்படுகிறது. ஆண் குழந்தைகளைவிடப் பெண் குழந்தைகளையே இது பன்மடங்கு பாதிக்கிறது. முதற்பேறு, கருப்பையில் தலை மேலாகவும் பிட்டம் கீழாகவும் இருந்த நிலை, குடும்பத்தில் முன்னர் எவருக்கேனும் இக்குறைபாடு இருந்தமை ஆகியன இதற்கான வாய்ப்பைக் கூட்டுகின்றன. குழந்தைக்கு நோவு எதுவும் இல்லாமையால் அது நடைபயிலும் வரை பெற்றோர் பலர் இதனை அறிவதில்லை. கவனிக்காது விடப்படின் சாய்ந்த நடையும், இளம் பராயம் கழியுமுன்னரே மூட்டுத் தேய்வும் நோவும் தொடர்கின்றன. நடையிலுள்ள குறையையே பெண்ணின் குறையாகக் கருதித் திருமணத்திலும் தொழிலிலும் ஒதுக்கிவைக்கும் ஒரு சமூகத்தில், இதன் விளைவு மூட்டோடு நின்றுவிடுவதில்லை என்பதையும் நாம் மனங்கொள்ளல் வேண்டும்.

ஒட்டு வேண்டப்படும் இடம்

ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்குப் பெரும்பாலும் கத்தி வேண்டியதில்லை. செக்கோசிலோவாக்கியாவைச் சேர்ந்த ஆர்னோல்ட் பாவ்லிக் வகுத்த வார்ப்பட்டி, தொடைகளை மடித்து அகற்றிய நிலையில் வைத்திருப்பதன் மூலம் தலையைக் கிண்ணக்குழிக்குட் கொண்டுவருகிறது; எஞ்சியதை வளர்ச்சியே செய்துமுடிக்கிறது. வயது ஏற ஏற இத்தகைய தன்சீராக்கும் ஆற்றல் குன்றுகிறது. ஏறத்தாழ ஒன்றரை வயதின் பின்னர் தலையை உள்ளே வைத்தாலும், சரிந்த கிண்ணக்குழி அதனைத் தாங்காது. அந்நிலையில் கிண்ணக்குழியின் கூரையையே திருப்பியமைக்க வேண்டியுள்ளது.

இத்துறையில் ரொறன்ரோ நகரின் றொபேட் சோல்ற்றர் 1957 இல் முதன்முதலிற் செய்து 1961 இல் வெளியிட்ட என்புவெட்டு ஒரு திருப்புமுனை எனலாம். கிண்ணக்குழிக்கு மேலாக இடுப்பென்பு முழுவதும் குறுக்கே வெட்டப்படுகிறது. கீழ்த்துண்டு, முன்புறத்தே இரு பூப்பென்புகளும் சந்திக்கும் இடத்தைப் பிணைச்சலாகக் கொண்டு முன்னும் புறமுமாகத் திருப்பப்படுகிறது. அப்போது வெட்டின் முன்புறத்தில் முக்கோண வடிவான இடைவெளி ஒன்று தோன்றுகிறது. அதனுட் செருகப்படும் ஆப்பே நாம் இங்கு ஆராயும் என்பொட்டு. ஆப்பும் இரு துண்டுகளும் உலோகக் கம்பிகளாற் கோக்கப்படுகின்றன. கம்பிகளைப் பின்னர் அகற்றவேண்டியிருப்பதால் குழந்தை இன்னொருமுறை மயக்கமருந்துக்கு உட்படவேண்டியுள்ளது.

அமெரிக்காவைச் சேர்ந்த போல் பெம்பர்ட்டன் 1965 இல் வெளியிட்ட முறையும், போலந்தின் பொஸ்னான் நகரைச் சேர்ந்த விக்டர் டேகா 1969 இல் வெளியிட்ட முறையும் இடுப்பென்பை முழுமையாகத் துண்டிப்பதில்லை. மேற்கூரை மட்டும் வெட்டப்பட்டு, கதவொன்று பிணைச்சலில் தாழ்வதுபோலக் கீழே வளைக்கப்படுகிறது. வெட்டப்படாத பின்பகுதியின் மீள்தன்மை ஆப்பை இறுகப் பற்றிக்கொள்வதாற் பெரும்பாலும் கம்பி தேவைப்படுவதில்லை. ஆனால் ஆப்பின் மீது விழும் அமுக்கம் இங்கு கூடுதலாகும். ஆப்பு நசியுமாயின் கூரை மீண்டும் மேலெழும். பெற்ற திருத்தம் இழக்கப்படும்.

ஒட்டின் பணி யாது?

என்பொட்டைப் பற்றிய பொதுவான எண்ணம், அது உடைந்த சுவரில் வைத்த கல்லைப்போல என்றும் அங்கேயே இருக்கும் என்பதாகும். உண்மை வேறானது. ஒட்டப்பட்ட என்பினுள் சுற்றுப்புறத்திலிருந்து குருதிக்கலன்கள் நுழைகின்றன. பழைய என்பைக் கரைக்கும் கலங்களும் புதிய என்பைப் படைக்கும் கலங்களும் அவற்றைத் தொடர்ந்து வருகின்றன. சிறிது சிறிதாக ஒட்டு அழிய, அதனிடத்தே குழந்தையின் சொந்த என்பு உருவாகிறது. ஜேர்மனியில் பார்த் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அவதானித்து, அமெரிக்காவில் ஃபெமிஸ்ரர் 1914 இல் விளக்கிய இந்நிகழ்ச்சியை 'ஊர்ந்து இடங்கொள்ளல்' எனக் குறிப்பிடலாம். மார்ஷல் யூரிஸ்ற் 1965 இல், தாதுப்பொருள் நீக்கப்பட்ட என்பும் தன்னைச் சூழ்ந்த இழையத்தில் புதிய என்பைத் தூண்டவல்லது எனக் காட்டியமை இவ்விளக்கத்தை மேலும் ஆழமாக்கியது.

இதிலிருந்து ஒட்டிடம் மூன்று ஆற்றல்களை எதிர்பார்க்கலாம்: உயிருள்ள கலங்களாற் புதிய என்பை ஆக்கும் ஆற்றல், சுற்றியுள்ள கலங்களைத் தூண்டும் ஆற்றல், வளரும் என்புக்குச் சாரமாக நின்று வழிகாட்டும் ஆற்றல். இவற்றோடு நான்காவதாக நசியாது தாங்கும் வலிமையும் வேண்டும். வயதுவந்தோரின் ஆறாத முறிவொன்றில் முதலிரண்டும் உயிர்நாடியானவை. குழந்தையின் இடுப்பிலோ நிலைமை வேறு. வெட்டின் இருமருங்கும் குருதி நிறைந்த, வேகமாக ஆறும் இளம் என்பு உள்ளது. புதிய என்பை ஆக்குவதிற் குழந்தையின் உடலே வல்லது. ஒட்டு அதற்குச் சாரமாகவும், திருத்தம் இறுகும்வரை முட்டுக்கொடுக்கும் ஆப்பாகவும் இருந்தாற் போதும். எந்த ஒட்டு மிக உயர்ந்தது என்று பொதுப்பட வினவுவதிலும், இந்தத் தற்காலிகப் பணிக்கு எது போதியது, எது குழந்தைக்குக் குறைந்த சுமையைத் தருவது என வினவுதலே பொருத்தமாகும்.

நால்வகைத் தெரிவுகள்

முதலாவது, குழந்தையின் சொந்த என்பு. இதனைத் தன்னொட்டு என்போம். சோல்ற்றர் முறையில் இடுப்பென்பின் முன்விளிம்பிலிருந்து முக்கோணத் துண்டு ஒன்று எடுக்கப்படுகிறது. அறுவைக்காக ஏற்கெனவே திறந்த இடத்திலிருந்தே அது பெறப்படுவதாற் புதிய காயம் பொதுவாக வேண்டியதில்லை. மேற்கூறிய மூன்று ஆற்றல்களும் அதற்குண்டு, நோய் பரவும் அச்சம் இல்லை, விலையும் இல்லை. குறைகளும் உள. மிக இளம் குழந்தையின் விளிம்பு மெல்லியதாதலால் ஆப்பு நசியக்கூடும். எடுத்த இடத்தில் நோவும் குருதியிழப்பும் கூடலாம்; இடுப்பின் வெளித்தோற்றம் சிறிது மாறலாம்; தொடையின் புறத்தோலுக்கு உணர்வூட்டும் நரம்பு ஊறுபடலாம். இரு இடுப்புகளும் பாதிக்கப்பட்ட பிள்ளையில் இக்குறைகள் இரட்டிக்கின்றன.

தன்னொட்டில் இன்னொரு வழியும் உண்டு. வயது கூடிய பிள்ளையில் நெடுங்காலம் மேலே விலகியிருந்த தலையைக் கீழிறக்கும்போது தசைகளின் இழுவையாற் தலை நசுங்கி அதன் குருதியோட்டம் தடைப்படலாம். அதனைத் தவிர்க்கத் தொடையென்பில் ஒரு சிறு துண்டு வெட்டியகற்றப்படுகிறது. கிளிசிச் போன்றோர் நிலைநாட்டிய இம்முறையில் அகற்றப்படும் துண்டு தடித்த புறவோடு கொண்டது, வலியது. கழிவாகவேண்டிய அத்துண்டே கூரையைத் தாங்கும் ஆப்பாகிறது. வளம் குறைந்த வைத்தியசாலையும் எளிதாகக் கைக்கொள்ளக்கூடிய தெரிவு இது.

இரண்டாவது, பிறரொருவரின் என்பு. இறந்தோர் கொடையாக வழங்கியதையோ, இடுப்பு மூட்டு மாற்றத்தின்போது வயதுவந்தோரிடமிருந்து அகற்றப்பட்ட தொடையென்புத் தலையையோ உறைநிலையில் அல்லது உறைய வைத்து உலர்த்திய நிலையில் வங்கிகள் பேணுகின்றன. இதிற் கலங்கள் உயிருடன் இல்லை. தூண்டும் ஆற்றல் குறைவு. சாரமாக நிற்கும் ஆற்றல் உண்டு. வேண்டிய அளவிலும் வடிவிலும் செதுக்கலாம். அறுவை நேரமும் எடுத்த இடத்து நோவும் குறைகின்றன. குழந்தைகளின் இடுப்பு என்புவெட்டுகளில் இத்தகைய ஒட்டுகளைத் தன்னொட்டுடன் ஒப்பிட்ட ஆய்வுகள், பொருந்துதலிலும் திருத்தம் நிலைத்தலிலும் பெரிய வேறுபாட்டைக் காட்டவில்லை. ஒட்டின் பணி பற்றி நாம் மேலே கூறியதற்கு இது இசைவானதே.

மூன்றாவது, விலங்கின் என்பு. பெரும்பாலும் மாட்டிலிருந்து பெறப்படும் இதனை உடல் அந்நியமாகக் கருதி எதிர்க்காதிருக்கப் புரதங்களையும் கொழுப்பையும் நீக்குதல் வேண்டும். அவ்வாறு நீக்குகையிற் தூண்டும் ஆற்றலும் நீங்குகிறது. பெற்றோரின் சமயம்சார் உணர்வுகளைக் கேட்டறியாது இதனைப் பயன்படுத்துதல் முறையன்று.

நான்காவது, செயற்கைப் பொருள்கள். ஜேர்மனியரான டிரீஸ்மன் 1892 இலேயே என்புக் குழிகளைப் பரிசுச்சாந்தால் நிரப்பினார். இன்று கல்சியம் பொசுபேற்று வகைகள் பயன்படுகின்றன. அவற்றுள் ஐதரொட்சி அபற்றைற்று ஆண்டுக்கணக்கிற் கரையாதிருக்கும். முக்கல்சியம் பொசுபேற்று ஒப்பீட்டளவில் விரைவாகக் கரைந்து என்புக்கு இடம்விடும். நோய் பரவும் அச்சம் இவற்றில் இல்லை. ஆனால் அவை நொறுங்கும் இயல்பின. நுண்துளை கொண்ட தைத்தேனியம் ஆப்புகள் நசிவதில்லை. எனினும் ஒருபோதும் என்பாக மாறாது வளரும் பிள்ளையின் உடலில் ஆயுள்வரை தங்குகின்றன. என்பு வளர்ச்சியைத் தூண்டும் செயற்கைப் புரதங்கள் கலந்த ஒட்டுகளை 18 வயதுக்குட்பட்டோரில் வழமையாகப் பயன்படுத்தலாகாது என அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2015 இல் எச்சரித்தது. புதியது என்பதனாலேயே ஒன்று குழந்தைக்கு ஏற்றதாகிவிடாது.

என்பு வந்த வழி

இத்தெரிவுகளுள் பிறரொட்டு மட்டுமே மனிதனை மனிதனோடு நேரடியாகத் தொடர்புறுத்துகிறது. எனவே அதன் வரலாறு தனியாக நோக்கற்பாலது. கிளாஸ்கோவில் வில்லியம் மக்கியூவன் 1879, 1880 ஆம் ஆண்டுகளில், நோயினாற் புயத்தென்பை இழந்த ஒரு சிறுவனுக்கு வேறு குழந்தைகளின் என்புத் துண்டுகளை ஒட்டி வெற்றிகண்டார். அத்துண்டுகள் எங்கிருந்து கிடைத்தன? என்புமென்மை நோயினால் வளைந்த கால்களை நிமிர்த்துவதற்காக ஏனைய குழந்தைகளிடமிருந்து வெட்டியகற்றப்பட்ட ஆப்புகளே அவை. புகைமண்டிய அக்கைத்தொழில் நகரின் நெருக்கமான குடியிருப்புகளில், சூரிய ஒளியும் போதிய உணவும் இன்றி வளர்ந்த உழைக்கும் வர்க்கக் குழந்தைகளை அந்நோய் பெருமளவிற் பீடித்திருந்தது. நவீன பிறரொட்டின் தொடக்கமே வறுமை வளைத்த கால்களிலிருந்து பெறப்பட்டது என்பது ஆழ்ந்து சிந்திக்கத்தக்கது.

கியூபாவின் அல்பேர்ட்டோ இங்க்லான் குளிரிற் பேணிய என்பைப் பயன்படுத்திய தமது அநுபவத்தை 1942 இல் வெளியிட்டார். அமெரிக்கக் கடற்படை 1949 இல் இழைய வங்கி ஒன்றை நிறுவியது. பேணும் நுட்பம் வளர்ந்ததும் என்பு சேமிக்கத்தக்க பொருளாயிற்று; சேமிக்கத்தக்க பொருள் சந்தைக்கு உரியதாக நெடுங்காலம் எடுக்கவில்லை. 1984 இல் ஒட்டப்பட்ட என்பொன்றின் மூலம் எச்.ஐ.வி. தொற்றியமை 1988 இல் அறிவிக்கப்பட்டது. 2021 இல் ஐக்கிய அமெரிக்காவில் ஒரே கொடையாளரிடமிருந்து ஆக்கப்பட்ட, உயிர்க்கலங்கள் கொண்ட என்பு ஒட்டு 113 பேருக்குப் பொருத்தப்பட்ட பின்னரே அதிற் காசநோய்க் கிருமி இருந்தமை தெரியவந்தது. இவற்றினும் கொடியது, 2004 இல் நியூயோர்க்கிற் காலமான புகழ்பெற்ற ஒலிபரப்பாளர் அலிஸ்டெயர் குக்கின் உடலுக்கு நேர்ந்ததாகும். மரணச்சடங்கு நிலையத்தில் அவரது என்புகள் களவாக எடுக்கப்பட்டு, 95 என்னும் வயது 85 ஆகவும், புற்றுநோய் மாரடைப்பாகவும் மாற்றியெழுதப்பட்டு விற்கப்பட்டன. உடற்பகுதி பண்டமாகும்போது, அதனோடு வரவேண்டிய உண்மையும் விலைக்கேற்ப மாற்றப்படுகிறது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

இதற்கு மாறான மரபொன்று நம் நாட்டில் உண்டு. டொக்டர் ஹட்சன் சில்வா 1961 இல் நிறுவிய கண் தானச் சங்கம், 1964 முதல் கண்களைக் கட்டணமின்றி வெளிநாடுகளுக்கும் அனுப்பியது. 1987 ஆம் ஆண்டின் 48 ஆம் இலக்கச் சட்டம் மனித இழையங்களைப் பெறுவதையும் ஒட்டுவதையும் ஒழுங்குபடுத்தியது. சர்வதேச அணுசக்தி முகவரகத்தின் உதவியுடன் 1996 இற் கொழும்பில் மனித இழைய வங்கியும் தோன்றியது. காமாக் கதிர்களாற் கிருமி நீக்கப்படும் இழையங்களுக்குப் பொதுவாக 25 கிலோகிரே அளவு வழங்கப்படுகிறது. மிகைக்கதிர் என்பின் வலிமையைக் குறைக்குமாதலால், ஆப்பாக நின்று சுமைதாங்க வேண்டிய ஒட்டில் இவ்வளவு பற்றிய கவனம் இன்றியமையாதது. கொடை என்னும் அறமும், பரிசோதனை என்னும் ஒழுங்கும், கொடையாளர் யாரெனப் பின்னோக்கி அறியக்கூடிய பதிவும் ஒருங்கே அமையும்போதுதான் வங்கி என்பு நம்பிக்கைக்கு உரியதாகும். இவற்றுள் ஒன்று குறையினும் குழந்தையின் சொந்த என்பே மேலானது.

தெரிவுக்கு முந்திய தெரிவு

இதுவரை கூறியவற்றிலிருந்து ஒரு நடைமுறை ஒழுங்கை வகுக்கலாம். இளம் பிள்ளையில், ஒரு பக்கக் குறைபாட்டிற்குத் தன்னொட்டே முதற்றெரிவு. தொடையென்பு சுருக்கப்படின் அத்துண்டைப் பயன்படுத்துதல் பொருத்தமானது. விளிம்பு மெலிந்தவிடத்தும், இரு பக்கமும் பாதிப்புற்றவிடத்தும், முன்னர் என்பு எடுக்கப்பட்டவிடத்தும் நன்கு பரிசோதிக்கப்பட்ட வங்கி என்பு தகுந்தது. செயற்கை ஒட்டுகள் இவையிரண்டும் இயலாதபோது கருதற்பாலன. தேர்ந்த கையினாற் சரியாக வெட்டித் திருப்பப்பட்ட கூரைக்கு எளிய ஒட்டும் போதும். தவறாகத் திருப்பப்பட்டதை விலையுயர்ந்த ஒட்டும் காப்பாற்றாது. ஆதலால் விலைகூடிய பொருளைப் பெறமுடியாத பெற்றோர், தம் பிள்ளைக்குத் தாழ்ந்த சிகிச்சையே கிடைத்தது என வருந்தத் தேவையில்லை. இதனை அவர்களுக்கு விளங்கும் மொழியில் எடுத்துக்கூறுதலும் சிகிச்சையின் ஒரு பகுதியே.

ஆயினும் ஒட்டு பற்றிய வினா எழும் நிலைக்கு வராதிருத்தலே சிறந்த தெரிவு. இத்தாலியரான மரினோ ஓர்ட்டொலானி 1930களிலும் ஆங்கிலேயரான தோமஸ் பார்லோ 1962 இலும் விளக்கிய பரிசோதனைகளுக்கு இரு கைகளும் சில நிமிடங்களுமே தேவை. ஒஸ்திரியரான றைன்ஹார்ட் கிராஃப் 1980 இல் அறிமுகப்படுத்திய கழியொலிப் படமுறை, கசியிழையத்தையும் காட்டவல்லது. யப்பானில், குழந்தையின் கால்களை நீட்டி இறுகச் சுற்றும் வழக்கம் இக்குறைபாட்டைப் பெருக்குவதாக உணரப்பட்டு, 1970களின் நடுவில் அதற்கெதிராக நாடளாவிய இயக்கம் நடத்தப்பட்டது. அதன்பின் அங்கு நூற்றுக்கு ஒன்றுக்கு மேலாக இருந்த வீதம் 0.2 இலும் குறைந்தது. ஒரு துண்டு துணியைச் சுற்றும் முறையை மாற்றியதால் எத்தனையோ குழந்தைகள் சத்திரசிகிச்சையிலிருந்து தப்பினர். நம் தாய்மார் பிள்ளையை இடுப்பில் இருத்தி, கால்கள் இருபுறமும் அகன்றிருக்கத் தூக்கிச்செல்லும் வழக்கம் மூட்டுக்கு உகந்த நிலையே என்பதும் இங்கு குறிப்பிடத்தக்கது.

பிறந்த குழந்தையின் தொடைகளை விரித்துப் பார்க்கப் பயின்ற குடும்பநல மாது ஒருவர், நாளை வேண்டப்படக்கூடிய என்பொட்டு ஒன்றைத் தேவையற்றதாக்குகிறார். அவரது பணிக்கு விளம்பரமில்லை. விற்பனைக்குரிய பொருளும் அதிலில்லை. பிறந்த ஒவ்வொரு குழந்தைக்கும் அப்பரிசோதனை கிடைப்பதை உறுதிசெய்தலும், அதனையும் கடந்து அறுவை வேண்டிய பிள்ளைக்குத் தகுந்த ஒட்டைத் தாயின் பணப்பையை நோக்காது வழங்குதலும் பொதுச் சுகாதாரத்தின் கடன் என்பதே எமது முடிபாகும்.